சுண்ணாம்புக்கல்லை வைத்துப் பூமியின் தட்பவெப்பத்தைச் சொல்லிக்கொடுக்க

அரியலூர்ப் பக்கம் அறிவியல் ஆசிரியராக இருப்பதில் ஒரு வசதி, பாடத்துக்கு வேண்டிய பொருள் ரோட்டிலேயே கிடக்கும். சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரியிலிருந்து சிந்திய சுண்ணாம்புக்கல் ஒன்று போதும். புதைபடிவம் இருக்கிற கல்லைப் பெயர்க்காதீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். வேறு ஊர்க்காரர்கள் கிளிஞ்சலோ முட்டை ஓடோ எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஒரு கருங்கல் ஜல்லி, கொஞ்சம் வினிகர்.

சுண்ணாம்புக்கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடிமேல் வினிகரைச் சொட்டுங்கள். நுரைத்துப் பொங்கும். காதருகே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும். வருவது கரியமில வாயு, காற்றில் இருந்தால் பூமியின் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தபோது, அதில் வாழ்ந்த உயிர்கள் தங்கள் ஓடுகளில் பூட்டி வைத்தது. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிராமில் 44 கிராம் இந்த வாயுதான்.

அப்புறம் கருங்கல்லில் சொட்டுங்கள். ஒன்றும் நடக்காது. பிள்ளைகள் "இது வேஸ்ட் கல் சார்" என்பார்கள். இங்கேதான் நிதானமாகப் பேச வேண்டும், பாடத்தின் உயிரே இந்தக் கல்லில்தான். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கருங்கல் போன்ற மலைப்பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கிறது. கரைந்த கால்சியம் ஆற்றோடு கடலுக்குப் போய், ஓடாகி, அடியில் படிந்து, சுண்ணாம்புக்கல்லாகிறது. காற்றில் இருந்த வாயு கல்லுக்குள் போய்விட்டது. கடலடித் தட்டு பூமிக்குள் இறங்கும் இடங்களில் அந்தக் கல் வெந்து, வாயு எரிமலை வழியாகத் திரும்ப வருகிறது.

கரும்பலகையில் இதைப் பெரிதாக எழுதுங்கள்: பூமி சூடானால் மழை கூடும், பாறைச் சிதைவு வேகமாகும், வாயு குறையும், பூமி குளிரும். குளிர்ந்தால் சிதைவு மந்தமாகும். எரிமலை விடும் வாயு சேர்ந்து மறுபடி சூடேறும். 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூன்று விஞ்ஞானிகள் முன்வைத்த விளக்கம் இது. ஆதியில் சூரியன் இன்றைவிடச் சுமார் 30 சதவீதம் மங்கலாக இருந்தும் கடல்கள் பெரும்பாலும் உறைந்துபோகாததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

"அப்போ நாம விடுற புகையையும் கல்லே பாத்துக்கும்ல சார்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். பார்த்துக்கொள்ளும், ஆனால் அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். எரிமலைகள் ஓராண்டில் விடுவதைப் போல 50 மடங்குக்கு மேல் நாம் விடுகிறோம். சிமெண்ட் சூளையில் வேகும் கல்லும் தன் 44 சதவீதத்தை அன்றைக்கே காற்றில் விட்டுவிடுகிறது. 20 டன் லோடு ஒன்றில் எவ்வளவு வாயு என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். சுத்தமான கல் என்று வைத்துக்கொண்டால் 8.8 டன் வரும்.