தடுப்பு அறிவியலில் முனைவர் பட்டம்: விண்ணப்பிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற ஆடி மாதம் குடியாத்தத்திலிருந்து மாணவி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். சமூகப் பணியில் முதுகலை முடித்தவர். போதைப் பழக்கம், தற்கொலை போன்றவை வராமலே தடுக்க எது உதவும் என்று ஆராயும் துறைதான் தடுப்பு அறிவியல். அமெரிக்காவில் அதில் முனைவர் படிப்புக்காக எழுதிய நோக்கக் கட்டுரையை (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு சொல்லும் கட்டுரை) நீட்டினார். "சிறு வயது முதலே ஏழை எளியவர்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் கனவு" என்று அது தொடங்கியது. மது மறுவாழ்வு மையத்தில் எத்தனை பேருக்கு ஆலோசனை வழங்கினார், எத்தனை முகாம் நடத்தினார், என்னென்ன சான்றிதழ் வாங்கினார் என்று இரண்டு பக்கம். அத்தனையும் உண்மை. ஆனால் அந்தத் துறை தேடும் ஒரு வரிகூட அதில் இல்லை.

காப்பி ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் சொன்னார்: அவர்கள் தெருவில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். கட்டுகளைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது பள்ளி விட்டு வரும் பையன்கள். எட்டாம் வகுப்புக்குள் அவர்களில் சிலர் புகைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கோயில் மண்டபத்தில் மாலை வகுப்புக்குப் போகும் பையன்கள் மட்டும் அந்தப் பக்கமே போவதில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒரு கோடு போட்ட நோட்டில் பையன்களின் பெயரோடு குறித்து வைத்திருந்தார்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றேன்.

"இதெல்லாம் ஆராய்ச்சியா அக்கா? எங்கள் தெருக் கதைதானே."

நான் பார்க்கும் விண்ணப்பங்களில் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். வந்த துன்பத்துக்குச் செய்த சேவையைப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அந்தத் துன்பம் வராமலே இருக்க எது உதவும், உதவியதா என்று எப்படி அளப்பது என்ற கேள்வியைக் கேட்பதில்லை. தடுப்பு அறிவியலின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. பீடிக்கட்டோடு கடைக்குப் போவது, புகைக்கும் வாய்ப்பைக் கூட்டும் ஆபத்துக் காரணி. மாலை வகுப்பு அதைக் குறைக்கும் பாதுகாப்புக் காரணியாக இருக்கலாம். ஆனால் வகுப்பு அந்தப் பையன்களைக் காத்ததா, அல்லது எப்படியும் புகைக்காத பையன்கள்தான் வகுப்புக்கு வருகிறார்களா? இந்த ஐயத்தைத் தானே எழுப்பி, அதைத் தீர்க்க வழி தேடுபவரைத்தான் தேர்வுக் குழு தேடுகிறது.

துறையின் அடிப்படைப் பிரிவுகளைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதும் அதோடு ஒட்டிய பிழை. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கார்டன் 1983இல் முன்வைத்து, அமெரிக்காவின் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்' அமைப்பின் 1994 அறிக்கை எடுத்துக்கொண்ட மூன்று நிலைகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன: எல்லோருக்கும் பொதுவான தடுப்பு, ஆபத்து கூடுதலாக உள்ள குழுவுக்கான தடுப்பு, அறிகுறி தெரியத் தொடங்கியவர்களுக்கான தடுப்பு. வகுப்பு முழுவதற்கும் புகையிலைப் பாடம் நடத்துவது முதல் வகை. பீடித் தெருப் பிள்ளைகளுக்கு மட்டும் மாலை வகுப்பு வைப்பது இரண்டாவது. ஏற்கெனவே இரண்டொரு முறை புகைத்துப் பார்த்தவனை அழைத்துப் பேசுவது மூன்றாவது. உங்கள் ஆய்வு எந்த நிலையில் நிற்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும்.

அடுத்து எனக்கு மிகவும் வருத்தம் தருவது, சொந்த ஊரை விட்டுவிட்டு அமெரிக்கப் புள்ளிவிவரத்தை எழுதுவது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை சாலையில் பஸ் ஏறினால் கணியம்பாடி. அந்த ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 வயதினரின் தற்கொலை இறப்புகளை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் கணக்கிட்டார்கள். ஊர் சுகாதாரப் பணியாளர்கள் வழியாகத் தகவல் திரட்டி, இறந்தவரின் வீட்டாரிடம் விசாரித்து, ஒவ்வொரு இறப்பின் காரணத்தையும் உறுதிசெய்தார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குப் பெண்களில் 148, ஆண்களில் 58 என்ற கணக்கு 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பக்கத்து நாடான இலங்கை, தற்கொலைக்குப் பயன்பட்ட கொடிய பூச்சிக்கொல்லிகளை 1990களில் படிப்படியாகத் தடைசெய்தது. அடுத்த பத்தாண்டில் அங்கே தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. வேலூர்ப் பிள்ளை ஒருவர் இளையோர் தற்கொலைத் தடுப்பைப் பற்றி விண்ணப்பம் எழுதும்போது இந்த இரண்டும் இல்லாவிட்டால், அருகில் இருப்பதைப் படிக்கவில்லை என்றுதான் பொருள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குடும்பங்களைப் பற்றி எழுத வேண்டியதும் இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

புள்ளியியலைக் கண்டு ஒதுங்குபவர்களுக்கு ஒரு சொல். இந்தப் படிப்பில் பாதி அளவீடுதான். ஒரே பள்ளியின் முப்பது மாணவர்களை முப்பது தனித்தனி ஆட்களாக எண்ணிவிட முடியாது. ஒரே ஆசிரியர், ஒரே வளாகம், வாசலில் ஒரே பெட்டிக்கடை என்று அவர்களுக்குள் ஒற்றுமை உண்டு. அதைக் கணக்கில் எடுக்கும் முறைகள், ஆண்டுக்கணக்கில் ஒரே பிள்ளைகளைப் பின்தொடரும் ஆய்வுகள், குலுக்கல் முறையில் குழு பிரிக்கும் சோதனைகள் எல்லாம் பாடமாக வரும். முதுகலையில் எடுத்த ஒரு புள்ளியியல் தாளையாவது, ஆய்வேட்டில் செய்த ஒரு பகுப்பாய்வையாவது விண்ணப்பத்தில் தெளிவாகக் காட்டுங்கள். இல்லாவிட்டால் விண்ணப்பிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம், ஓரிகன் பல்கலைக்கழகம் போன்றவை இந்தத் துறையின் பெயரிலேயே முனைவர் படிப்பை நடத்துகின்றன. வேறு பல இடங்களில் இதே ஆய்வு பொதுச் சுகாதாரம், உளவியல், சமூகப் பணித் துறைகளுக்குள் நடக்கிறது. பெயரை மட்டும் தேடுபவர்கள் இந்த இடங்களைத் தவறவிடுகிறார்கள். பேராசிரியர்கள் ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்புவதும் வீண். ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் கட்டுரைகளிலும் இரண்டைப் படித்து, உங்கள் கேள்வி எங்கே அதைத் தொடுகிறது என்று ஐந்து வரி எழுதுங்கள். புதிய மாணவரை எடுக்கிறாரா என்றும் கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பெரும்பாலும் மூன்று கேட்பார்கள். பதவியைப் பார்த்து ஆள் பிடிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உங்கள் களப்பணி நோட்டைத் திருத்திய விரிவுரையாளர், ஒருமுறை கைகுலுக்கிய துணைவேந்தரைவிட நூறு மடங்கு மேல். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று அவர் சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். அது நேர்மையும் அல்ல, மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் படிப்பவருக்கு உடனே தெரிந்தும்விடும். அதற்குப் பதிலாக நீங்கள் செய்த வேலையை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். கடிதத்தைப் பதிவேற்றும் இணைப்பு நேராக அவருடைய மின்னஞ்சலுக்குத்தான் போகும். தினமும் மின்னஞ்சல் பார்க்காதவர் என்றால் நேரில் போய் நினைவூட்டத் தயங்க வேண்டாம்.

இனி காகித வேலை. நம் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகவும், முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியவில்லை) என்றும் அச்சாகும். ஆங்கிலத் தேர்வு, விண்ணப்பம், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கும்படி முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள். வேலூர் வட்டாரத்துக்கான திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் தொடங்கியது. அதற்கு முன் இங்கே சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் அதன் வளாகம் இருக்கும் சேர்க்காட்டுக்குப் போய்ப் பயனில்லை, சேப்பாக்கத்துக்குத்தான் போக வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் கல்லூரியின் தேர்வுப் பிரிவிலிருந்து வரும், பட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். இதற்கே வாரக்கணக்கில் ஆகிவிடும். ஆங்கிலத் தேர்வான டோஃபலின் மதிப்பெண் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் இல்லை என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. அமெரிக்க முனைவர் படிப்பு பல இடங்களில் ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் பணியோடு வரும். கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாதாந்திர உதவித்தொகையும் கிடைக்கும். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்று துறைக்கு எழுதிக் கேட்கலாம், தவறே இல்லை.

கடைசி நாள் பல இடங்களில் டிசம்பர் 1 அல்லது 15. பசிபிக் நேரப்படி அங்கே நள்ளிரவு ஆகும்போது நமக்கு மறுநாள் பகல் ஒன்றரை மணி. அந்தக் கூடுதல் நேரத்தை நம்பி உட்காராதீர்கள். குடியாத்தம் மாணவி ஐப்பசியிலேயே அனுப்பிவிட்டார். கட்டுரையின் முதல் வரி இப்போது இப்படி இருக்கிறது: "எங்கள் தெருவில் பீடிக்கட்டைக் கடைக்குக் கொண்டுபோகும் பையன்களில் யார் புகைக்கவில்லை என்று நான் இரண்டு ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன்."