நெல்லையில் ரீஃப் தொட்டி வைத்திருப்போர் வீட்டில் இருப்பு வைக்க வேண்டியவை

நன்னீர் மீனுக்கான சாமான் பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கமும் தேடினால் கிடைத்துவிடும். உப்புத் தண்ணீரில் பவளமும் மீனும் வளர்க்கும் ரீஃப் தொட்டியில், தண்ணீரை மேலேற்றும் ரிட்டர்ன் மோட்டாருக்கு ஒரு இம்பெல்லர் (உள்ளே சுழலும் விசிறி) வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னைக் கொளத்தூரையோ ஆன்லைன் கடையையோதான் நம்ப வேண்டும். பார்சல் வர இரண்டு மூன்று நாள் ஆகும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, தாமிரபரணி கரைபுரண்டபோது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயிலே ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. அந்த மாதிரி வாரத்தில் எந்தப் பார்சலும் வராது.

அதனால் எதை வாங்கி வைப்பது என்பதை விலையை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு பொருள் நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் உயிர் போகும், அதற்கு மாற்று வர எத்தனை நாள் ஆகும் என்று பாருங்கள். முதலாவது குறைவாகவும் இரண்டாவது அதிகமாகவும் இருப்பதெல்லாம் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். கீழே சொல்லும் அளவுகள் சம்ப்பையும் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) சேர்த்து 200 லிட்டர் தண்ணீர் உள்ள தொட்டிக்கு.

முதலில் பறிபோவது ஆக்சிஜன். கரண்ட் போனதும் நீரோட்டம் நிற்கிறது, மேல்மட்டம் அசைவதில்லை, காற்று கரைவதில்லை. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். சூட்டில் மீன் மூச்சு வாங்குவதோ அதிகம். விளக்கு அணைந்த இரவில் பவளமும் பாசியும்கூட ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், கொடுக்காது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்று அர்த்தம்.

இதற்கு இரண்டு அடுக்கு ஏற்பாடு வேண்டும். முதல் அடுக்கு வீட்டு இன்வெர்ட்டர். 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கணக்குப்படி 1,800 வாட்-ஹவர் இருக்கும். பேட்டரி கெடாமல் பாதியைத்தான் எடுக்கலாம். இன்வெர்ட்டரின் இழப்பும் போனால் கைக்கு வருவது 700 சொச்சம். தொட்டிக்குள் நீரோட்டம் தரும் 15 வாட் வேவ்மேக்கர் மட்டும் ஓடினால், இன்வெர்ட்டர் தனக்கென எடுப்பதையும் சேர்த்து ஏறக்குறைய ஒரு நாள் தாங்கும். அதே லைனில் வீட்டின் இரண்டு சீலிங் ஃபேனும் ஓடினால் நான்கைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆகவே எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இன்வெர்ட்டர் லைனில் வேவ்மேக்கருக்குத் தனி பிளக் பாயின்ட் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு, சில்லர் (நீரைக் குளிர்விப்பது), ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிப்பது) அதில் வேண்டாம். சில்லரின் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்டை வீட்டு இன்வெர்ட்டர்கள் பல தாங்குவதில்லை. இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும். ஸ்கொயர் வேவில் தொட்டியின் ஏசி (மாறுமின்) மோட்டார் உறுமும், சூடேறும், சீக்கிரம் சாகும்.

இரண்டாவது அடுக்கு பேட்டரி ஏர் பம்ப். யுஎஸ்பியில் ஓடும் சிறிய பம்ப் இரண்டு, ஏர் ஸ்டோன் (குமிழி விடும் கல்) நான்கு, சிலிக்கான் டியூப் ஐந்து மீட்டர், செக் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) இரண்டு, 10,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்று. இந்தப் பவர் பேங்கில் நிஜமாகக் கிடைப்பது 30 வாட்-ஹவர் அளவு; ஒன்றரை வாட் பம்ப் இருபது மணி நேரம் ஓடும். இதில் பலர் கவனிக்காத ஒரு கோளாறு உண்டு. பம்ப் எடுக்கும் கரண்ட் மிகக் குறைவென்பதால், எதுவும் மாட்டியிருக்கவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்குகள் தாமாக அணைந்துவிடும். வாங்கியதும் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். இருட்டில், மழையில் இதைக் கண்டுபிடிக்கும் நிலைமை வரக் கூடாது.

கரண்ட் போகும்போது மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் ரிட்டர்ன் குழாய் வழியே சம்ப்புக்குத் திரும்பும். இப்படித் தானாக இழுபடும் ஓட்டத்தை (சைபன்) முறிக்க அந்தக் குழாயில் உள்ள சிறு துளை சுண்ணாம்புப் படிவால் அடைபட்டிருந்தால் சம்ப் வழிந்து தரையெல்லாம் உப்புத் தண்ணீர். ரிட்டர்ன் குழாயில் போடும் செக் வால்வை மட்டும் நம்பாதீர்கள், ஒரு சிறு நத்தை போதும் அதைத் திறந்தபடி நிறுத்த. மாதம் ஒருமுறை ரிட்டர்ன் மோட்டாரின் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சம்ப்பில் மார்க்கர் போட்டு வையுங்கள். இதற்குக் காசே இல்லை.

அடுத்தது சூடு. 25 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரை வைத்திருக்க வேண்டிய நீர், சித்திரை வைகாசியில் நெல்லை வீட்டு அறையில் 31, 32 என்று ஏறிவிடும். மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளே 2010-லும் 2016-லும் கடல் சூட்டில் வெளுத்தன. சில்லர் பழுதானால் கைகொடுப்பது 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன். தண்ணீர் மேல் படும்படி இரண்டு மாட்டினால், காற்று உலர்ந்திருக்கும் நாளில் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் அவ்வளவு இறங்காது. ஃபேன் நான்கு வாங்கி இரண்டை இருப்பில் வையுங்கள், உப்புக் காற்றில் பேரிங் சீக்கிரம் போகும்.

ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் நான்கு, முக்கால் அளவு ஆர்ஓ தண்ணீர் ஊற்றி உறையவைத்திருங்கள். ஒரு கிலோ ஐஸ் 200 லிட்டரை ஏறக்குறைய அரை டிகிரி இறக்கும். மூடியோடு சம்ப்பில் மிதக்கவிடுங்கள், உருகியதும் மாற்றுங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்க வேண்டாம். ஹீட்டருக்கு நம்மூரில் பெரிய வேலை இல்லை. மார்கழி, தை இரவுகளுக்குச் சிறியது ஒன்று போதும். அதன் சுவிட்ச் அணையாமல் ஒட்டிக்கொண்டு தண்ணீரை அளவுக்கு மீறிச் சூடேற்றுவதுதான் இங்கே ஆபத்து.

மோட்டார் முழுதாக எரிவதைவிட அதன் உறுப்புகள் போவதுதான் அதிகம். செராமிக் ஷாஃப்ட் உடையும், இம்பெல்லர் தேயும், சுண்ணாம்பு படிந்து சுழலாமல் நிற்கும். உங்கள் மாடலுக்கே உரிய இம்பெல்லர், ஷாஃப்ட், ஓ-ரிங் ஒரு செட் வாங்கி வையுங்கள். படிவு நீக்க சிட்ரிக் அமிலம் 200 கிராம் போதும். டிசி மோட்டாரென்றால் இடி மின்னல் மாதங்களில் முதலில் போவது அடாப்டர். வோல்ட், ஆம்பியர், பின்னின் பிளஸ் மைனஸ் திசை மூன்றும் பொருந்தும் இன்னொன்று இருக்கட்டும். கையிருப்பு மோட்டாரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாளியில் ஓட்டிப் பாருங்கள்.

உப்பு: லிட்டருக்கு 36 கிராம் என்று வைத்தால், இரண்டு முறை பாதித் தண்ணீர் மாற்ற ஏழு கிலோவுக்கு மேல் வேண்டும். பத்து கிலோ வையுங்கள். ரப்பர் வளையமுள்ள மூடி போட்ட டிரம்மில், தரையிலிருந்து உயரத்தில். ஈரம் ஏறிக் கட்டியான உப்பு கரையும்போது சுண்ணாம்பாகப் படியும், காரத்தன்மை (பவளம் தன் கூட்டைக் கட்டத் தேவையான கார்பனேட் அளவு) குறைந்துபோகும்.

ஆடிக் காற்றில், ஃபேனும் ஓடினால் தினம் நான்கைந்து லிட்டர் ஆவியாகும். மூன்று நாள் நிரப்பாமல் விட்டால் உவர்ப்பு (ஒரு கிலோ நீரில் எத்தனை கிராம் உப்பு) 35-லிருந்து 37-க்கு மேல் போகும். 20 லிட்டர் கேன் இரண்டில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) பூஜ்ஜியமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். தாமிரபரணி கலங்கி ஓடும் நாட்களில் ஆர்ஓவின் செடிமென்ட் ஃபில்டர் சீக்கிரம் அடைபடும், அதில் இரண்டு. கார்பன் ஃபில்டர் ஒன்று: அது தீர்ந்தால் மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரின் குளோரின் ஆர்ஓவின் மெம்பிரேனை (வடிகட்டும் சவ்வை) தின்றுவிடும்.

தூத்துக்குடி, உவரி பக்கம்தானே, கடல் தண்ணீரே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். மழைக் காலத்தில் வேண்டாம். புன்னைக்காயலில் ஆறு கடலில் சேரும்போது கரையோர நீர் உப்பு குறைந்து, சேறோடு இருக்கும். லைவ் ராக் (உயிரிகள் ஒட்டிய கடல் பாறை), பவளம் எதையும் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. கடின பவளங்கள் எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

தண்ணீரிலுள்ள நச்சை ஈர்க்கும் ஆக்டிவேட்டட் கார்பன் 500 கிராம் தனியே வையுங்கள். டெங்கு நாட்களில் தெருவில் கொசுப் புகை அடித்துவருவார்கள். பொங்கலுக்கு முன் வீட்டுக்கு பெயின்ட் அடிப்பார்கள். ஏர் பம்பும் ஸ்கிம்மரும் அந்தக் காற்றையே உறிஞ்சித் தண்ணீரில் கலக்கும். கரப்பான் ஸ்ப்ரேயில் உள்ள பைரித்ராய்டு என்ற பூச்சிமருந்து இறாலையும் நண்டையும் கொல்லும். புகை வண்டியின் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பையும் ஸ்கிம்மரையும் நிறுத்தி, வேவ்மேக்கரை மட்டும் ஓடவிட்டு, 200 கிராம் கார்பனைக் கழுவிப் பையில் கட்டி நீரோட்டத்தில் வையுங்கள்.

காரத்தன்மைக்கான மருந்து தீர்ந்தால் கலப்பில்லாத சமையல் சோடா உதவும். 6 கிராம், 200 லிட்டரில் காரத்தன்மையை 1 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) உயர்த்தும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம். பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் போடாதீர்கள். உவர்ப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்கும் திரவம் இல்லையென்றால், அயோடின் சேர்க்காத தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள், 35 காட்ட வேண்டும்.

தொட்டி ஒழுகினால் மீனை மாற்ற 100 லிட்டர் உணவுத் தர டிரம் ஒன்று, நீருக்குள் இறுகும் எபாக்சி புட்டி, பழைய துண்டுகள் ஸ்டாண்டுக்கு அருகிலேயே இருக்கட்டும். செத்தது எதுவும் அழுகினால் அம்மோனியா ஏறும்; அதைக் கட்டும் கண்டிஷனர் ஒரு பாட்டில் வேண்டும். சோடியம் தயோசல்பேட் குளோரினை மட்டுமே நீக்கும், இதற்கு உதவாது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வரும் நாளில், வீட்டிலுள்ள இன்னொருவரிடம் ஏர் பம்ப் சாமான்களைக் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே டேப் ஒட்டி எழுதிவையுங்கள். பவர் பேங்கை அன்றே திரும்ப சார்ஜ் போட்டுவிடுங்கள்.