தலைவர் மீது வழக்கு என்றதும் நாம் செய்யும் தவறுகள்

ஒரு தலைவர் மீது ஊழல் வழக்கு பாய்ந்தால் அன்று மாலையே நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பிடித்தவர் என்றால் பழிவாங்கல், பிடிக்காதவர் என்றால் சட்டம் தன் கடமையைச் செய்கிறது. விசாரணையில் அரசியல் சாய்வு உண்டா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சாய்வைத் தப்பான இடத்தில் தேடுகிறோம். ஜெயலலிதா மீதான சொத்துக்குவிப்பு வழக்கையே பாருங்கள். 1996இல் தொடங்கி 2017 வரை ஓடிய அந்த வழக்கில் நம் தவறுகள் எல்லாவற்றுக்கும் உதாரணம் கிடைக்கும்.

புகார் கொடுத்தவரின் கட்சியைப் பார்ப்பது முதல் தவறு. 1996 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்தது. ஜூனில் சுப்பிரமணியன் சுவாமி புகார் கொடுத்தார். 1997 ஜூனில் லஞ்ச ஒழிப்புத் துறை 66.65 கோடி ரூபாய்க்குக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. வழக்கை வெளிமாநிலத்துக்கு மாற்றச் சொல்லி உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் திமுக பொதுச் செயலாளர் க. அன்பழகன். அரசியல் எதிரிக்கு இதில் என்ன வேலை என்று எதிர்த்தரப்பு கேட்டது. ஆளும் அரசைக் கண்காணிப்பதில் எதிரணிக்கும் பங்கு உண்டு என்று சொல்லி நீதிமன்றம் அதை ஒதுக்கிவிட்டது. எதிரியைத் தவிர வேறு யார் இவ்வளவு மெனக்கெட்டு நீதிமன்றப் படி ஏறுவார்கள்? புகார் பகையில் பிறந்திருக்கலாம். ஆவணம் உண்மையா என்பது தனிக் கேள்வி.

அடுத்த தவறுதான் பெரியது. கடுமையாக நடத்துவது மட்டுமே சாய்வு என்று நினைக்கிறோம். கைவிட்டு நடத்துவதும் சாய்வுதான், அது கண்ணில் படுவதில்லை என்பதுதான் வித்தியாசம். 2001இல் அதிமுக ஆட்சி திரும்பிய பிறகு, ஏற்கெனவே சாட்சியம் சொல்லி முடித்த 76 அரசுத் தரப்புச் சாட்சிகள் மறு குறுக்கு விசாரணைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலானோர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்னார்கள். அந்த இடத்தில் அரசு வழக்கறிஞர் எழுந்து, இவரைப் பிறழ்சாட்சியாக, அதாவது அழைத்த தரப்புக்கே எதிராகத் திரும்பிய சாட்சியாக, அறிவித்து நானே குறுக்கு விசாரணை செய்ய அனுமதியுங்கள் என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை. சாட்சிகளைத் திரும்ப அழைத்ததற்கே ஆட்சேபம் சொல்லவில்லை. அவர் குற்றம்சாட்டப்பட்டவர்களோடு கைகோத்திருப்பதாகத் தோன்றுகிறது என்ற பொருளில் உச்ச நீதிமன்றம் எழுதி, 2003 நவம்பர் 18 அன்று வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. யாரையும் துன்புறுத்தாமல், யாரும் கூச்சல் போடாமல், ஒரு வழக்கைச் சாகடிக்கும் வழி இது.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்ளலாம். நம்மூரில் சிறப்பு அரசு வழக்கறிஞர் புலனாய்வு செய்வதில்லை. அதைப் போலீஸ் செய்யும், இவர் நீதிமன்றத்தில் வழக்கை நடத்துவார். அமெரிக்காவில் சிறப்பு வழக்கறிஞரே புலனாய்வையும் நடத்துவார். அங்கே நடந்ததை அப்படியே இங்கே பொருத்திப் பேசினால் யாரைக் குறை சொல்வது என்பதே தடுமாறிவிடும்.

ஆளைப் பார்க்கிறோம், நியமித்த கையைப் பார்ப்பதில்லை. இதுவும் தவறு. கர்நாடக அரசு, அம்மாநில உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியைக் கலந்து அரசு வழக்கறிஞரை நியமிக்க வேண்டும் என்பது 2003 உத்தரவு. முதலில் பி.வி. ஆச்சார்யா வந்தார், 2012இல் விலகினார். 2013இல் பவானி சிங். அந்த ஆண்டே கர்நாடக அரசு பவானி சிங்கை நீக்கியபோது நடந்ததுதான் வேடிக்கை: தன்மீது வழக்கு நடத்தும் வழக்கறிஞரை நீக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது ஜெயலலிதா தரப்பு. நீதிமன்றமும் நீக்கம் செல்லாது என்றது. இதைப் பார்த்துவிட்டு வழக்கு முடிந்தது என்று பலர் முடிவுகட்டினார்கள். ஆனால் அதே பவானி சிங் நடத்திய வழக்கில்தான் 2014 செப்டம்பர் 27 அன்று நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். மேல்முறையீட்டுக்குப் பவானி சிங்கையே தமிழக அரசு நியமித்தபோது, தமிழகத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது என்று 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆள் ஒருவர்தான். முதல் முறை நியமித்தது கர்நாடகம், அது நின்றது. இரண்டாம் முறை குற்றம்சாட்டப்பட்டவரின் கட்சி ஆளும் மாநிலம், அது நிற்கவில்லை.

நியமிப்பவருக்கு இணையாக முக்கியம், நீக்கும் அதிகாரம் யாரிடம் என்பது. 1973 அக்டோபரில் வாட்டர்கேட் ஊழலை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கச் சொன்னார் அமெரிக்க அதிபர் நிக்சன். அட்டர்னி ஜெனரல் மறுத்து விலகினார், அவருக்கு அடுத்தவரும் மறுத்தார், மூன்றாமவர் நீக்கினார். கட்சி அட்டை இந்த விஷயத்தில் அதிகம் பேசாது. டிரம்ப் மீதான விசாரணையை 2017இல் ஏற்ற ராபர்ட் முல்லர் குடியரசுக் கட்சிக்காரர்தான். அப்படியும் பழிவேட்டை என்ற பட்டம்தான் கிடைத்தது.

தீர்ப்பை வைத்து விசாரணையை அளப்பது இன்னொரு தவறு. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்ததும் ஒரு தரப்பு பட்டாசு வெடித்தது, மறுதரப்பு சதி என்றது. கணக்கைப் பார்த்தவர்கள் குறைவு. வருமானத்தில் சேர்த்துக்கொண்ட பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை 10.67 கோடிதான் வரும், தீர்ப்பில் 24.17 கோடி என்று இருந்தது. வருமானத்தில் 13.5 கோடி கூடிவிட்டதால், வருமானத்தை மிஞ்சிய சொத்து 8.12 விழுக்காடு என்று ஆகி, பழைய தீர்ப்புகள் பொறுத்துக்கொண்ட 10 விழுக்காட்டுக்குள் அடங்கியது. சரியாகக் கூட்டினால் 76 விழுக்காட்டைத் தாண்டும். இதைக் கண்டுபிடிக்கக் கட்சி அபிமானம் தேவையில்லை, கால்குலேட்டர் போதும்.

2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டது. உடன் குற்றம்சாட்டப்பட்ட சசிகலா, இளவரசி, சுதாகரன் சிறை சென்றார்கள். 2016 டிசம்பரிலேயே இறந்துவிட்ட ஜெயலலிதா மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. அற்றுப்போவது என்றால் விடுதலை அல்ல, தண்டனை உறுதியானதாகவும் ஆகாது. இரு தரப்பும் தங்களுக்கு வசதியான பாதியை மட்டும் இன்றும் மேடையில் சொல்கின்றன. 100 கோடி அபராதத்தையாவது வசூலிக்க வழிவிடுங்கள் என்று கர்நாடக அரசு போட்ட மறுஆய்வு மனுவும் அதே ஆண்டு தள்ளுபடி ஆனது.