கண்மாய் ராடும் கடல் ஈயமும்: வாடைக்காலத்தில் செய்யக்கூடாத தவறுகள்

மாட்டுத்தாவணியில் விடியற்காலை ராமேஸ்வரம் பஸ் ஏறும் கூட்டத்தில் தூண்டில் ராடு பிடித்த இளவட்டங்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். சந்தோஷமான விஷயம். ஆனால் பையைத் திறந்தால் பெரும்பாலும் கண்மாயில் ஜிலேபிக்கும் விராலுக்கும் போட்ட அதே ராடு, அதே ரீல், அதே முள். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் கடலின் அடியில் இரை போட்டு மீன் பிடிக்க அது போதாது.

பெரிய தவறு கடைக்குள் நுழைந்ததும் ராடைத் தேடுவது. ராடு பிறகு. முதலில் இரையை அடியில் நிறுத்தும் ஈயத்தின் எடையை முடிவு செய்யுங்கள். கண்மாயில் நிற்கும் தண்ணீர். சின்ன ஈயக்குண்டுகூடப் போட்ட இடத்தில் கிடக்கும். கடலில் அலை இருக்கிறது, மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் இருக்கிறது, இந்தப் பருவத்தில் வாடைக்காற்று வேறு. மூன்றும் சேர்ந்து தூண்டில் நரம்பை இழுத்தால் 20 கிராம் ஈயம் உருண்டு உருண்டு கரைக்கே வந்துவிடும். விளமீன், கிழங்கான், கெளுத்தி எல்லாம் அடியில் மேய்கிறவை. இரை அங்கே தங்கினால்தான் வேலை நடக்கும். கரையிலிருந்து வீசுகிறவருக்கு 80, 100 கிராம் ஈயம் தேவைப்படும் நாட்கள் இப்போது நிறைய. அந்த ஈயத்தை வீசத் தாங்கும் ராடு எது, அந்த ராடுக்கு ஏற்ற நரம்பு எது, அந்த நரம்பு போதுமான அளவு கொள்ளும் ரீல் எது என்று இந்த வரிசையில் போங்கள்.

ராடின் கைப்பிடிக்கு மேலே அது எவ்வளவு எடையை வீசத் தாங்கும் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதைப் படிக்காமல் வாங்காதீர்கள். நான் முதன்முதலில் தொண்டிக்குக் கொண்டுபோன எட்டடி ராடில் 10–30 கிராம் என்று இருந்தது. எதிர்காற்றில் ஈயம் நிற்கவில்லை என்று 80 கிராம் கட்டினேன். இரண்டாவது வீச்சிலேயே நுனியிலிருந்து ஒரு முழம் கீழே டப்பென்று முறிந்தது. முறிந்த துண்டு நரம்போடு தொங்கியதை இன்றும் மறக்கவில்லை. சில ராடுகளில் அவுன்ஸ் கணக்கு இருக்கும்; ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 28 கிராம். முள்ளில் கோக்கும் கணவாய்த் துண்டின் எடையையும் ஈயத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

கரைக்கு 11, 12 அடி ராடு நல்லது. பாக் விரிகுடா பக்கம் கடல் ஆழமில்லாதது. வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான், தூரமாக வீசியாக வேண்டும். அதே 12 அடியைப் படகில் கொண்டுபோனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில்தான் இடிக்கும். படகுக்கு ஆறேழு அடியில் தடித்த ராடு போதும். அப்புறம், பஸ்ஸில் கொண்டுபோக வசதி என்று ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்து நீட்டும் ராடை வாங்குகிறார்கள். மூட்டுகளில் மணலும் உப்பும் புகுந்தால் மடக்கவே வராது. இரண்டு, மூன்று துண்டாகக் கழற்றுகிற ராடே மேல்.

நரம்பில் எல்லோரும் செய்கிற தவறு, கடல் என்றால் தடிமனாக இருக்க வேண்டும் என்று நினைப்பது. 30 பவுண்டு இழுவை தாங்கும் மோனோ, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பு, அரை மில்லிமீட்டர் தடிமனுக்கு வரும். அதே பலமுள்ள பிரெய்டு, அதாவது பல இழைகளைப் பின்னிய நரம்பு, ஏறக்குறைய அதில் பாதிதான். தடித்த நரம்பைக் காற்று வில்லாக வளைக்கும், நீவாடு தள்ளும், கடைசியில் ஈயம் கிளம்பிவிடும். மோனோ இழுத்தால் நீளும் என்பதால் கிழங்கான் மெல்லக் கடிப்பது கைக்குத் தெரியாது. பிரெய்டு நீளாது. ஆனால் பாறையில் உரசினால் உடனே அறும். அதனால் பிரெய்டின் முனையில் தடித்த மோனோ துண்டு ஒன்றை லீடராகக் கட்ட வேண்டும். வீச்சின் அதிர்ச்சியைத் தாங்குவதும் இந்த லீடர்தான். ஒரு அவுன்ஸ் ஈயத்துக்கு 10 பவுண்டு என்பது பழைய கணக்கு. 100 கிராமுக்கு 40 பவுண்டு போடுங்கள். நீளம் ராடைப்போல இரண்டு மடங்கும், ரீலில் சில சுற்றும் இருக்கட்டும். லீடர் இல்லாமல் வீசி நரம்பு அறுந்தால் அந்த ஈயம் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. இதில் மட்டும் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள்.

ஈயத்தின் வடிவமும் முக்கியம். உருண்டை உருளும், மணலுக்குப் பட்டை வைத்த கூம்பு ஈயம் பிடித்து நிற்கும். பாறைப் பக்கம் எந்த ஈயமும் சிக்கும். அங்கே மெக்கானிக் கடையில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக்கைக் கட்டலாம். அதையும் மற்ற நரம்பைவிடப் பலம் குறைந்த துண்டு நரம்பில் கட்டினால், சிக்கும்போது அது மட்டும் அறுந்து மீன் கைக்கு வரும்.

முள்ளின் எண் குழப்பும். 1, 4, 8 என்று எண் ஏற ஏற முள் சின்னதாகும். 1/0, 2/0, 4/0 என்று பூஜ்யம் சேர்ந்தால் ஏற ஏறப் பெரிதாகும். 4 கேட்பதற்குப் பதில் 4/0 வாங்கிப் போனால் கிழங்கான் இரையை மட்டும் தின்றுவிட்டுப் போகும். பேத்தை மீன் வந்தால் முள்ளோடு நரம்பையே கடித்துவிடும், ஆகவே கூடுதல் முள் வேண்டும். பேத்தையைச் சமைக்காதீர்கள், விஷம். கெளுத்தியின் முள்ளிலும் திருக்கையின் வாலிலும் கை வைக்காமல் இருக்க நீள மூக்குக் குறடு அவசியம்.

சரி, எங்கே போவது? ஆடியில் போன இடத்துக்கே மார்கழியிலும் போவது இன்னொரு தவறு. தென்மேற்குக் காற்றில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், பாக் விரிகுடா அடங்கியிருக்கும். வாடையில் இது தலைகீழ். பாக் விரிகுடாவின் தொண்டி, தேவிபட்டினத்தில் காற்று முகத்தில் அறைகிற நாளில் மன்னார் வளைகுடாவின் கீழக்கரை, மண்டபத்தின் தென்கரைப் பக்கம் முதுகுக்குப் பின்னால் காற்றோடு நிம்மதியாக நிற்கலாம். அங்கே 21 தீவுகளும் 1986 முதல் கடல்வாழ் தேசியப் பூங்கா. அந்தத் தீவுகளின் பக்கம் தூண்டில் போடக் கூடாது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

திரும்பி மதுரை வந்து சேர இரவாகும், அசதியில் ராடை மூலையில் சாத்திவிட்டுத் தூங்கத் தோன்றும். காலைக்குள் உப்பு வேலையைக் காட்டிவிடும். ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடியை, இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துக் கழுவுங்கள். பைப்பை வேகமாக அடித்தால் உப்பு உள்ளேதான் போகும். துடைத்து நிழலில் காயவைத்து டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். கடலில் நனைந்த முள்ளைப் புது முள் இருக்கும் டப்பாவில் திரும்பப் போடாதீர்கள். அதில் ஒட்டிய உப்பு மொத்த டப்பாவையும் துருவாக்கிவிடும்.