வி60 காபி: கொட்டை வாங்குவதிலிருந்து புளிப்பு, கசப்பு, துவர்ப்பைத் திருத்துவது வரை

வி60 என்பது கூம்பு வடிவ டிரிப்பரில் பேப்பர் பில்டர் வைத்து, காபித் தூள் மேல் சுடுதண்ணீர் ஊற்றி வடிக்கும் முறை. ஒரு கோப்பைக்கு 15 கிராம் கொட்டை, 250 கிராம் தண்ணீர், ஏறத்தாழ மூன்று நிமிடம். பாலும் சர்க்கரையும் கிடையாது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் இதே அளவில் போட்ட காபி ஒரு நாள் தேன்போல இருக்கும், மறுநாள் முகம் சுளிக்க வைக்கும். ஏன் அப்படி ஆகிறது, எதை மாற்றினால் சரியாகும் என்பது பிடிபட்டுவிட்டால் எந்தக் கொட்டையையும் தைரியமாக வாங்கலாம்.

வேண்டிய சாமான்கள்

வி60 டிரிப்பர், அதற்கான கூம்பு வடிவ பேப்பர் பில்டர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, பர் கிரைண்டர் (இரண்டு பல் தகடுகளுக்கு நடுவில் கொட்டையை ஒரே சீராக நொறுக்குவது), மெல்லிய மூக்குள்ள கெட்டில். நேரம் பார்க்க போன் போதும். டிரிப்பர் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும். பீங்கான் அழகுதான், ஆனால் நன்றாகச் சூடேற்றாவிட்டால் தண்ணீரின் சூட்டை அது இழுத்துக்கொள்ளும். மெல்லிய மூக்குள்ள கெட்டில் இல்லையென்றால், ஒரு கரண்டியின் முதுகில் தண்ணீர் விழுந்து வழியும்படி ஊற்றிச் சமாளிக்கலாம்.

கிரைண்டரில் மட்டும் சமாளிக்க முடியாது. பிளேடு சுழலும் மிக்ஸி கொட்டையை வெட்டிச் சிதறடிக்கும். பாதி மாவாகும், பாதி நொய்யாக நிற்கும். மாவு உடனே கசப்பை விடும், நொய் புளிப்போடு நின்றுவிடும். இரண்டும் ஒரே கோப்பையில் விழுந்தபின் எந்தத் திருத்தமும் எடுபடாது. கையால் சுற்றும் சாதாரண பர் கிரைண்டர்கூட இதைவிட எவ்வளவோ மேல். செலவு செய்வதென்றால் முதலில் இதற்குச் செய்யுங்கள்.

எந்தக் கொட்டை?

ஸ்பெஷாலிட்டி காபி என்பது, பயிற்சி பெற்றவர்கள் சுவைத்து 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் கொடுத்த காபி. பொட்டலத்தில் முதலில் தேட வேண்டியது வறுத்த தேதி. அது இல்லாத பொட்டலத்தை எடுக்காதீர்கள். வறுத்ததும் கொட்டைக்குள் கரியமில வாயு நிறைந்திருக்கும். அந்த வாயு தண்ணீரை உள்ளே விடாமல் தள்ளும். அதனால் லைட் ரோஸ்ட் (குறைவாக வறுத்தது) என்றால் ஒரு வாரமாவது ஆறப் போடுங்கள். அதன்பின் மூன்று, நான்கு வாரம் நன்றாக இருக்கும்.

அடுத்து, பதப்படுத்திய விதம். 'வாஷ்டு' என்றிருந்தால் பழத்தின் சதையை நீக்கிக் கழுவிய பிறகு உலர்த்தியது. சுவை தெளிவாகத் தெரியும். 'நேச்சுரல்' என்றால் பழத்தோடு சேர்த்து வெயிலில் உலர்த்தியது. பழ வாசனை தூக்கலாக இருக்கும். 'ஹனி' இரண்டுக்கும் நடுவில்.

முதல் பொட்டலமாக கொலம்பியா அல்லது குவாத்தமாலாவின் வாஷ்டு, மீடியம் ரோஸ்ட் வாங்குவது நல்லது. இனிப்பும் புளிப்பும் அளவாக இருக்கும், சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். கை பழகியதும் எத்தியோப்பியாவின் யிர்கசெஃபே வாஷ்டு. தூளில் சுடுதண்ணீர் பட்டதும் மல்லிகை வாசனை எழும். குடிக்கும்போது எலுமிச்சையின் சாயல். காபி இப்படியும் இருக்குமா என்று கேட்பவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான். கென்யாவின் எஸ்எல்28 ரகம் பெர்ரிப் பழங்கள்போலக் கூர்மையான புளிப்போடு வரும். புளிப்பே வேண்டாம் என்பவர்களுக்குப் பிரேசில்: கொட்டைப் பருப்பும் சாக்லேட்டும் கலந்த சுவை. கனமாக, மண்வாசனையோடு வேண்டுமென்றால் சுமத்ரா.

'அனேரோபிக்' என்று போட்டு வரும், காற்றில்லாமல் நொதிக்க வைத்த காபிகளை இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அந்த வீரியமான வாசனையில் உங்கள் தவறு எது, கொட்டையின் இயல்பு எது என்று பிரித்தறிய முடியாது.

தண்ணீர்

கோப்பையில் இருப்பதில் 98 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றினால் காபி சாரமில்லாமல், சில சமயம் வெடுக்கென்ற புளிப்போடு இருக்கும். சுவையை இழுத்து வெளியே கொண்டுவரும் கால்சியமும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு. மிகக் கடின நீரோ நல்ல புளிப்பையும் அடித்துவிட்டுச் சப்பென்று ஆக்கிவிடும். இரண்டையும் கலந்து, தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 100 முதல் 150 வரை வந்தால் சரி.

செய்முறை

1. தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். லைட் ரோஸ்டுக்குக் கொதி அடங்கிய உடனே ஊற்றலாம். மீடியத்துக்கு 93 டிகிரி, டார்க்குக்கு 88 டிகிரி.

2. பேப்பரின் ஒட்டுப்பகுதியை மடித்து டிரிப்பரில் வைத்து, சுடுதண்ணீர் ஊற்றி முழுக்க நனையுங்கள். காகித வாடை போகும், டிரிப்பரும் சூடாகும். கீழே இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட மறக்காதீர்கள்.

3. 15 கிராம் கொட்டையை அரையுங்கள். விரல்களுக்கு நடுவில் தேய்த்தால் தூள் உப்பைவிடச் சற்றுக் கரகரப்பாக இருக்க வேண்டும். டிரிப்பரில் கொட்டி, பக்கவாட்டில் லேசாகத் தட்டிச் சமமாக்கி, கோப்பையோடு தராசில் வைத்து, தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

4. நேரத்தை ஓடவிட்டு 45 கிராம் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த தூள் எங்கும் தங்காதபடி டிரிப்பரை இரண்டு முறை மெல்லச் சுழற்றுங்கள். இதற்கு ப்ளூம் என்று பெயர். இங்கே கொஞ்சம் குனிந்து பாருங்கள்: தூள் மெல்ல உப்பும், நடுவில் குமிழ்கள் எழுந்து உடையும், மேற்பரப்பின் பளபளப்பு குறைந்து மங்கும். வாயு வெளியேறுகிறது. குமிழே வரவில்லையென்றால் கொட்டை பழசு. 45 விநாடி வரை காத்திருங்கள்.

5. 0:45-இல் தொடங்கி, நடுவிலிருந்து சிறு வட்டங்களாக ஊற்றி, 1:15-க்குள் தராசு 150 கிராம் காட்டும்படி செய்யுங்கள். பேப்பரின் ஓரத்தில் ஊற்ற வேண்டாம். அந்தத் தண்ணீர் தூளைத் தொடாமலே சுவர் வழியாகக் கீழே போய்விடும்.

6. தண்ணீர் மட்டம் பாதி இறங்கியதும் அதேபோல் ஊற்றி 250 கிராமை எட்டுங்கள். ஒரே ஒரு முறை டிரிப்பரை மெல்லச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

7. 2:45 முதல் 3:15-க்குள் வடிந்து முடியும். தூள் தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் கோப்பையில் 220 கிராம் அளவுக்குத்தான் இருக்கும்.

பேப்பரைத் தூக்கி எறியும் முன் தூளைப் பாருங்கள். சமதளமாக இருந்தால் தண்ணீர் ஒரே சீராக இறங்கியிருக்கிறது. ஒரு பக்கம் சரிந்தோ, நடுவில் குழி விழுந்தோ இருந்தால் தண்ணீர் ஒரே வழியாக ஓடியிருக்கிறது.

சுவைத்துத் திருத்துவது

கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் சூடுதான் தெரியும். ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள், இனிப்பு அப்போதுதான் மேலே வரும்.

தண்ணீர் தூளிலிருந்து முதலில் புளிப்பை எடுக்கும், பிறகு இனிப்பை, கடைசியில் கசப்பை. திருத்தம் எல்லாமே இந்த வரிசையில் அடக்கம். வெடுக்கென்று புளித்து, விழுங்கியதும் சுவை அறுந்துபோனால் தண்ணீர் பாதியிலேயே நின்றிருக்கிறது: கிரைண்டரின் அளவுத் திருகை இரண்டு கிளிக் (திருகும்போது 'டிக்' என்று நிற்கும் படி) நகர்த்திப் பொடியாக அரையுங்கள். கசப்பு தொண்டையில் தங்கினால் இரண்டு கிளிக் கரகரப்பாக.

துவர்ப்பு வேறு சங்கதி, பலரும் தடுமாறுவது இங்கேதான். கசப்பு ஒரு சுவை. துவர்ப்போ மாதுளந்தோலைக் கடித்ததுபோல நாக்கையும் கன்னத்தின் உட்புறத்தையும் வறட்டி இழுக்கும். பெரும்பாலும் தண்ணீர் ஒரே வழியாகப் பாய்ந்து, அங்கிருந்த தூளை மட்டும் அளவுக்கு மீறிக் கரைத்ததால் வருவது இது. உடனே அரைப்பை மாற்றாதீர்கள். முதலில் கெட்டிலைத் தாழ்த்தி, ஊற்றும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் போகவில்லையென்றால் ஒரு கிளிக் கரகரப்பாக்குங்கள்.

சுவை சரியாக இருந்தும் நீர்த்துப்போயிருந்தால் அது அரைப்பின் குற்றமில்லை. தூளை 16 அல்லது 17 கிராமாக்கினால் போதும். புளிப்பையும் நீர்த்த தன்மையையும் ஒன்றென்று எண்ணித் தூளைக் கூட்டினால், புளிப்பு இன்னும் அழுத்தமாக வந்து நிற்கும்.

ஒரு கோப்பைக்கு ஒரே ஒரு மாற்றம். அரைப்பையும் சூட்டையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். கிளிக் எண், வடிந்த நேரம், ஒரு சொல்லில் சுவை என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நேரம் ஒரு அடையாளம்தான். 3:40 ஆகியும் காபி இனித்தால் அப்படியே விட்டுவிடுங்கள். எத்தியோப்பியக் கொட்டைகள் அரைக்கும்போது பொடி அதிகம் விழும், அதே கிளிக்கில்கூட மெதுவாகத்தான் வடியும்.

மிச்சக் கொட்டை

250 கிராம் பொட்டலத்தில் 16 கோப்பை வரும். ஒரு மாதத்துக்குள் தீராது என்றால், காற்றுப் புகாத சிறு பைகளில் 15 கிராமாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள்; ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் ஈரமும் மற்ற வாடைகளும் ஏறிவிடும். எடுத்த பையை உறைந்த நிலையிலேயே அரைக்கலாம், ஆனால் பிரித்ததைத் திரும்ப உள்ளே வைக்கக் கூடாது. புதுக் கொட்டைக்கு மாறும்போது, கடைசியாகச் சரியாக வந்த கிளிக்கிலேயே முதல் கோப்பையைப் போட்டு, அங்கிருந்து ஒவ்வொரு கிளிக்காக நகருங்கள்.