கோடிங் கற்கத் தொடங்கிப் பாதியில் விடாமல் இருக்க: வட சென்னைப் புதுமுகங்களுக்கு

பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்க உட்காருபவர்கள் விட்டுவிடும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். இன்ஸ்டால் செய்யும் நாள். முதல் சிவப்பு எரர் வரும் நாள். வீடியோ பாடம் முடிந்து வெறும் திரைக்கு முன் சொந்தமாக எழுத வேண்டிய நாள். வேலையோ தேர்வோ குறுக்கிட்டு இரண்டு வாரம் போன பிறகு மறுபடி திறக்க வேண்டிய நாள். இந்த நான்கிலும் "எனக்கு இது வராது" என்றுதான் தோன்றும். ஆனால் நான்குக்கும் காரணம் வேறு வேறு, ஒவ்வொன்றுக்கும் மருந்தும் தனி. ஆர்வம் வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் நாள்தான் போகும். நாம் எழுதியது ஒன்று ஓடுகிறது, அது நமக்குத் தெரிந்த கணக்கைச் சரியாகச் சொல்கிறது என்றால் மறுநாள் தானாகவே உட்காரத் தோன்றும். கீழே உள்ளது எல்லாம் அப்படி ஓடும் ஒன்றைத் தினமும் கையில் வைத்திருப்பதற்கான வழி.

முதலில் கணினி

4 ஜிபி ராம் இருக்கும் பழைய லேப்டாப் பைத்தானுக்குத் தாராளமாகப் போதும். அதே லேப்டாப்பில் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ போட்டு மொபைல் ஆப் செய்யப் பார்த்தால் திறக்கவே பல நிமிடம் ஆகும். அதற்கு 8 ஜிபியாவது வேண்டும். அங்கே மனம் சோர்ந்து நிறுத்தியவர்களுக்குக் குறை கணினியில்தான் இருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்குவதாக இருந்தால் ஹார்ட் டிஸ்க் உள்ளதை விட எஸ்எஸ்டி உள்ளதைக் கேளுங்கள். எப்படியும் பேட்டரி அரை மணி தாங்குகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

விண்டோஸில் பைத்தான் இன்ஸ்டால் செய்யும் முதல் திரையில், கீழே, 'ஆட் பைத்தான் டு பாத்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதை டிக் செய்த பிறகே இன்ஸ்டால் பட்டனை அழுத்த வேண்டும். மறந்தால், பிறகு கமாண்ட் ப்ராம்ப்ட் என்ற கறுப்புத் திரையில் பைத்தான் என்று தட்டும்போது அப்படி ஒன்று இல்லை என்று சொல்லும், அல்லது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கும். முதல் நாளே பலர் நின்றுபோவது இங்கேதான். இன்ஸ்டாலரை மறுபடி ஓட்டி டிக் செய்தால் தீர்ந்தது. இன்னும் விண்டோஸ் 7 இருக்கும் கணினி என்றால் பைத்தான் 3.8தான் கடைசி, அதற்கு மேல் ஏறாது. தொடக்கப் பாடங்கள் எல்லாவற்றுக்கும் 3.8 போதும்.

லேப்டாப் இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் பைட்ராய்டு 3 என்ற ஆப் நெட் இல்லாமலேயே ஓடும். போன் கீபோர்டில் அடைப்புக்குறியும் முக்காற்புள்ளியும் தேடித் தேடித் தட்டுவதுதான் அலுப்பு. ஓடிஜி கேபிள் ஒன்று வாங்கிச் சாதாரண யுஎஸ்பி கீபோர்டை போனில் செருகினால் அந்த அலுப்பு போய்விடும். நாள் டேட்டா குறைவாக இருப்பவர்கள் வீடியோவில் எல்லாவற்றையும் தீர்த்துவிட வேண்டாம். பைத்தானின் முழு விளக்கக் குறிப்பையும் ஒருமுறை டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: கரண்ட் பில்

பாடப் புத்தகங்கள் எல்லாம் வணக்கம் சொல்லும் நிரலில் (புரோகிராமில்) தொடங்கும். அதை ஒருமுறை செய்துவிட்டு, அன்றே வீட்டு ஈபி கார்டையோ பில் குறுஞ்செய்தியையோ எடுங்கள். கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா வீட்டிலும் பேச்சு வரும் கணக்கு இது. விடை சரியா தவறா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் இதன் பெரிய பலன்.

தினம் 40 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் நேற்று எழுதியதை ஓட்டிப் பாருங்கள். அடுத்த 30 நிமிடம் ஒரே ஒரு மாற்றம். கடைசி 5 நிமிடம், நாளை செய்ய வேண்டியதை அந்த ஃபைலிலேயே ஒரு வரி கமென்ட்டாக (# குறியில் தொடங்கும், பைத்தான் ஓட்டாமல் விட்டுவிடும் குறிப்பு) தமிழில் எழுதி மூடுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஷிஃப்ட் முடிந்து களைத்து வருபவரை, எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டிய அந்தப் பத்து நிமிடம்தான் எழுந்து போகச் செய்கிறது.

முதல் நாள், 180 யூனிட் என்று நீங்களே ஃபைலில் எழுதி, அதில் இலவச 100 யூனிட்டைக் கழித்து, மீதியை உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கி, பிரின்ட் செய்யுங்கள். நான்கு வரி. ஓடும்.

இரண்டாம் நாள், யூனிட்டை, நாம் தட்டுவதை வாங்கித் தரும் இன்புட் மூலம் கேட்டு வாங்குங்கள். உடனே டைப் எரர் வரும். இன்புட் தருவது எப்போதும் எழுத்துச் சரம். நாம் 180 என்று தட்டினாலும் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாது. எழுத்திலிருந்து 100ஐக் கழிக்க முடியாது என்பதுதான் அந்த எரர். கூட்டலில் இது இன்னும் மோசம், எரரே வராது: 180ஐயும் 20ஐயும் கேட்டு வாங்கிக் கூட்டினால் 18020 என்று வரும். இன்புட்டை இன்ட் என்பதற்குள் போட்டால் எண்ணாக மாறும். புதிதாகக் கற்பவர் எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை முட்டுவார்கள்.

மூன்றாம் நாள் 80 யூனிட் கொடுத்துப் பாருங்கள். பில் மைனஸில் வரும். இஃப் எதற்கு என்று அப்போதுதான் புரியும்: யூனிட் 100க்குள் இருந்தால் தொகை சுழியம்.

நான்காம் நாள் 200க்கு மேல் போங்கள். இங்கே வழக்கமான தவறு, மொத்த யூனிட்டையும் மேல் ஸ்லாப் விலையால் பெருக்கிவிடுவது. 250 யூனிட் என்றால் 200க்கு மேல் உள்ள 50க்குத்தான் அந்த விலை. 101 முதல் 200 வரை பழைய விலைதான். பென்சிலால் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஐந்தாம் நாள்தான் சுவையானது. 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே வேறு. 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். அதனால் 500லிருந்து 501க்குப் போகும் அந்த ஒரு யூனிட்டில் பில் 200 ரூபாய்க்கு மேல் கூடுகிறது. இதை உங்கள் நிரல் காட்டும்போது வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஏசி எப்போது போடுவது என்ற வாக்குவாதத்துக்கு உங்களிடம் இப்போது கணக்கு இருக்கிறது.

ஆறாம் நாள் புதிதாக எதுவும் எழுத வேண்டாம். 0, 100, 101, 200, 201, 400, 401, 500, 501 என்ற எண்களைக் கொடுத்து விடையைச் சரிபாருங்கள். தவறுகள் எப்போதும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். 'பெரியது' என்று எழுதுவதா, 'பெரியது அல்லது சமம்' என்று எழுதுவதா என்பதில்தான் மாட்டுவோம். ஏழாம் நாள் கணக்கை ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லி எத்தனை முறையும் ஓட்டக்கூடிய நிரல் துண்டு) போட்டு, மாடி வீடு, பக்கத்து வீடு, உங்கள் வீடு மூன்றுக்கும் ஓட்டுங்கள். விடைக்குப் பதில் 'நன்' (ஒன்றும் இல்லை) என்று வந்தால் ஃபங்ஷனில் விடையை வெளியே தரும் ரிட்டர்ன் விட்டுப்போயிருக்கிறது.

அடுத்த வாரம் லிஸ்ட் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) பழக, கும்மிடிப்பூண்டி லைன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று ஏழு ஸ்டேஷன்களை வரிசையாக லிஸ்ட்டில் போடுங்கள். ஏறும் இடம், இறங்கும் இடம் கேட்டு, எத்தனையாவது ஸ்டாப் என்று சொல்ல வையுங்கள். எண்ணிக்கை 0விலிருந்து தொடங்குவதால் கொருக்குப்பேட்டை 0, எண்ணூர் 6. எண்ணூரில் ஏறித் திரும்பி வந்தால் விடை மைனஸ் 6 என்று வரும். அதைச் சரிசெய்ய, மைனஸ் குறியை நீக்கும் ஆப்ஸ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. பிறகு மீஞ்சூர், பொன்னேரி வரை நீட்டுவது உங்கள் பாடு.

சிவப்பு எழுத்து வந்தால்

எரர் செய்தி நீளமாக வரும், படிக்காமலேயே அழித்துவிடத் தோன்றும். கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்பது அங்கேதான் இருக்கும். அதற்கு மேலே லைன் நம்பர் இருக்கும். இந்த இரண்டைத் தவிர மற்றதைத் தொடக்கத்தில் விட்டுவிடலாம்.

நேம் எரர் என்றால் பெயரின் எழுத்து மாறியிருக்கிறது, அல்லது மதிப்பு கொடுக்கும் முன்பே பயன்படுத்திவிட்டீர்கள். இன்டென்டேஷன் எரர் என்றால் வரியின் தொடக்க இடைவெளி ஒழுங்காக இல்லை. நான்கு ஸ்பேஸ் என்று வைத்துக்கொண்டு, டேபையும் ஸ்பேஸையும் கலக்காமல் இருங்கள். சின்டாக்ஸ் எரர்தான் ஏமாற்றும். அது காட்டும் வரி சரியாக இருக்கும், அதற்கு முந்தைய வரியில் ஓர் அடைப்புக்குறி மூடாமல் இருக்கும். பைத்தான் 3.10 முதல், எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்றே சொல்லிவிடுகிறது. பழைய பதிப்பு என்றால் ஒரு வரி மேலே போய்ப் பாருங்கள்.

நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கோடை அப்படியே ஒட்டி ஓடவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். தொடக்க இடைவெளிகள் வழியில் காணாமல் போயிருக்கும், அல்லது நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாக மாறியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், பைத்தானுக்கு வளைந்த குறி புரியாது. ஒட்டுவதை விட்டுக் கையால் தட்டுங்கள். இன்னொன்று: சீட்டு குலுக்கும் நிரல் எழுதிவிட்டு அந்த ஃபைலுக்கே 'ரேண்டம்' என்று பெயர் வைத்தால், பைத்தான் தன் ரேண்டம் தொகுப்பை விட்டு உங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு, புரியாத எரர் ஒன்றைத் தரும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

ஒரு தவறோடு அரை மணிக்கு மேல் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். அந்த அரை மணியில் இவற்றைச் செய்திருக்க வேண்டும்: கடைசி வரியைப் படித்தது, சந்தேகமான இடத்தில் மதிப்பைப் பிரின்ட் செய்து பார்த்தது, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று வாய்விட்டுத் தமிழில் சொல்லிப் பார்த்தது. பாதித் தவறுகள் வாய்விட்டுச் சொல்லும்போதே அகப்படும். பிறகு கேளுங்கள். "வேலை செய்யல ப்ரோ" என்று திரையை போனில் படம் பிடித்து அனுப்பினால் யாராலும் உதவ முடியாது. என்ன வர வேண்டும், என்ன வந்தது, எரரின் முழு எழுத்து, இதுவரை செய்து பார்த்தது என்று நான்கு வரியில் கேளுங்கள்.

சாட்ஜிபிடி போன்றவற்றைக் கேட்பதில் தவறில்லை. முழு நிரலையும் எழுதித் தரச் சொல்லாமல், இந்த எரர் ஏன் வருகிறது என்று மட்டும் கேளுங்கள். பதிலைப் படித்ததும் அதை மூடிவிட்டு, நினைவிலிருந்து எழுதுங்கள். பார்க்காமல் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள்.

வீடியோ பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். பத்து மணி நேரப் பாடத்தைப் பார்த்து முடித்தவருக்கு எல்லாம் புரிந்தது போல் இருக்கும், தனியாக எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வராது. கேரம் கிளப்பில் பக்கத்தில் நின்று எத்தனை போர்டு பார்த்தாலும், ஸ்ட்ரைக்கரைத் தொடாதவர் விரலுக்கு அடி வராது. 10 நிமிடம் வீடியோ பார்த்தால் 20 நிமிடம் வீடியோவை மூடிவிட்டு எழுதுங்கள். அதில் வரும் எண்களையும் பெயர்களையும் மாற்றி எழுதுங்கள். அவர் பழக்கடைக் கணக்கு போட்டால் நீங்கள் காசிமேட்டு மீன் கூடைக் கணக்கு போடுங்கள்.

ஆங்கில பயம்

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பலர் இதற்காகவே தயங்குகிறார்கள். இஃப், ரிட்டர்ன் போன்ற பைத்தானின் ஒதுக்கப்பட்ட சொற்கள் மொத்தமே 35. முதல் மாதத்தில் அவற்றில் பன்னிரண்டு தேவைப்பட்டால் அதிகம். ஒரு பழைய நோட்டில் அந்தச் சொற்களையும், உங்களுக்கு வந்த ஒவ்வொரு எரரையும், பக்கத்தில் தமிழில் காரணத்தையும் எழுதி வாருங்கள். அதே எரர்தான் திரும்பத் திரும்ப வருகிறது என்று சீக்கிரமே தெரியும்.

பைத்தான் 3இல், மதிப்பைப் போட்டு வைக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். தொகை, யூனிட், மொத்தம் என்று எழுதினாலும் ஓடும். வேலைக்குப் போகும் இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் கேட்பார்கள், ஆனால் கற்கும்போது தமிழ்ப் பெயர் யோசனையை எளிதாக்கும். 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தை லென் ஃபங்ஷனிடம் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று கணினி தனித்தனியாக எண்ணுகிறது. அதை 3 என்று சொல்ல வைப்பது இரண்டாம் மாதத்துக்கு நல்ல வேலை.

இடமும் துணையும்

ஒற்றை அறை வீட்டில் டிவி ஓடும்போது 40 நிமிடம் கிடைப்பது கடினம். வீடு அடங்கிய பிறகோ, விடியற்காலையில் தண்ணீர் பிடித்து முடித்த பிறகோ ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளை நூலகம் இருக்கிறது. கொளத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு 2024இல் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிப்பதற்கான இடம் உண்டு.

துணைக்கு ஒரே ஒருவர் போதும். ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரம் ஓடிய நிரலை ஒருவருக்கொருவர் காட்டுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேர் உள்ள குழுவில் யாரோ வேலை வாங்கிய செய்திதான் வரும். அவர் எத்தனை வருடம் எழுதினார் என்று வராது. உங்கள் வளர்ச்சியைப் பார்க்க, முதல் வாரத்து ஃபைலை அழிக்காமல் வைத்திருந்து இப்போதையதோடு ஒப்பிடுங்கள்.

பயிற்சி நிலையத்தில் சேர்வதாக இருந்தால் முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். வேலை உறுதி என்று போர்டு போட்டிருந்தால் அதை எழுத்தில் கேளுங்கள். ஒரு வகுப்பில் உட்கார்ந்து, மாணவர்கள் எழுதுகிறார்களா, ஆசிரியர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நம்பிக் கட்டிய பணம் போனால் கற்கும் ஆசையும் சேர்ந்து போகிறது, அதனால்தான் இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

இடைவெளி விழுந்த பிறகு

மழை, காய்ச்சல், செமஸ்டர், வீட்டு விசேஷம் என்று இரண்டு வாரம் போய்விட்டதா? முதல் பாடத்திலிருந்து தொடங்காதீர்கள். அப்படித் தொடங்குபவர்கள் நான்காம் பாடத்திலேயே மறுபடி நிற்கிறார்கள். கடைசியாக ஓடிய ஃபைலைத் திறந்து ஓட்டுங்கள். அன்று அவ்வளவுதான். மறுநாள் அதில் ஒரு விலையையோ ஸ்டேஷன் பெயரையோ மாற்றி ஓட்டுங்கள். மூன்றாம் நாள், கீழே நீங்கள் விட்டுச் சென்ற அந்தக் கமென்ட் வரியைச் செய்யுங்கள். அதற்குள் கை பழகியிருக்கும்; இல்லை என்றால் கரண்ட் பில் நிரலைப் பழையதைப் பார்க்காமல் மறுபடி எழுதுங்கள், முதல் முறை ஒரு வாரம் ஆனது இந்த முறை இரண்டு மூன்று நாளில் முடியும்.