திருநெல்வேலியிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு எது விரைவான வழி?

உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை யாழ்ப்பாண ரவுணை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பேன். தெரிந்த வீதியென்றால் விடை பிழைக்கும்போது அவர்களுக்கே உறைக்கும்.

சந்திகளை வட்டங்களாகப் போடுங்கள்: திருநெல்வேலி, கந்தர்மடம், ஆரியகுளம், வேம்படி, நாவலர் வீதியும் கஸ்தூரியார் வீதியும் சேரும் சந்தி, கடைசியில் பெரியாஸ்பத்திரி. வீதிகள் கோடுகள். கோட்டின் மேல் கிலோமீற்றர் வேண்டாம், நிமிடம் எழுதுங்கள். வலப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிற வாகனங்களுக்காக நிற்கவேண்டும், அதையும் சேருங்கள்.

காலை 7.15 என்று வைப்போம். எண்கள் கணக்குக்காக நான் போடுபவை. திருநெல்வேலி–கந்தர்மடம் 5. அங்கிருந்து ஆரியகுளம் 4, நாவலர்–கஸ்தூரியார் சந்தி 3. கடைகள் திறக்கவில்லை, ஆகவே கஸ்தூரியார் வீதியால் ஆஸ்பத்திரிக்கு 6. ஆரியகுளம்–வேம்படி பள்ளிக்கூட நெரிசலில் 7. வேம்படி–ஆஸ்பத்திரி 4.

இனி ஒரே விதிதான். முடிக்காத வட்டங்களில் திருநெல்வேலியிலிருந்து மொத்த நிமிடம் எதற்கு ஆகக் குறைவோ, அதை முடித்து, அதாவது அந்த எண் இனி மாறாது என்று வைத்து, அதிலிருந்து அடுத்தவற்றுக்குக் கூட்டவேண்டும். கந்தர்மடம் 5. பிறகு நாவலர்–கஸ்தூரியார் சந்தி 8. அதன் வழியாக ஆஸ்பத்திரிக்கு 14 என்று பென்சிலால் குறியுங்கள். அடுத்தது ஆரியகுளம் 9, அதிலிருந்து வேம்படி 16. 14 சிறியது, ஆஸ்பத்திரி முடிந்தது. வேம்படியைத் தொடவே தேவையில்லை.

இதையே 11 மணிக்குப் போட்டுப் பாருங்கள். கஸ்தூரியார் வீதி 11 ஆகிறது, ஆரியகுளம்–வேம்படி 3 ஆகிறது. ஆஸ்பத்திரிக்கு முதலில் 19 விழும். பிள்ளைகள் பலர் இங்கேதான் பேனையை வைத்துவிடுவார்கள். வைக்கக்கூடாது! ஆரியகுளம் 9, வேம்படி 12, ஆஸ்பத்திரி 16. பழைய 19ஐ வெட்டிவிடுங்கள். முதலில் கிடைத்த எண்ணுக்கும் முடிந்த எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால், நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட இந்த முறை முழுவதும் கைக்குள் வந்த மாதிரி.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் கோவிலைச் சுற்றி மூடுகிற வீதிகளை அழித்துவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள். ரயில் கேற் இருக்கிற கோட்டுக்கு, வீட்டிலிருந்து புறப்படும் நேரத்தைப் பார்க்காமல், கேற்றடிக்குப் போய்ச் சேரும் நேரத்தின் நிமிடத்தைப் போடுங்கள்.